புதுசா, பழசா?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறே முக்காலுக்கு மேனேஜரிடமிருந்து ஒரு மெசேஜ். "திங்கட்கிழமை கொஞ்சம் பேசணும்." அவ்வளவுதான். எதைப் பற்றி என்று திருப்பிக் கேட்டேன், புளூ டிக் விழுந்தது, பதில் வரவில்லை. அப்புறம் என்ன, ரெண்டு ராத்திரி தூக்கம் போச்சு.

தனியாக இருந்திருந்தால் பத்து மணிக்கே அலுத்துப்போய்ப் படுத்திருப்பேனோ என்னவோ. கூட ரூம்மேட் இருந்தாள். வேளச்சேரி வீட்டு மொட்டை மாடியில் தண்ணீர் டேங்க் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அந்தக் 'கொஞ்சம்' எதற்கு, போன வாரம் மீட்டிங்கில் ஏன் என் பக்கமே திரும்பவில்லை, மூணு மாசத்துக்கு முன்னால் நான் தப்பாக அனுப்பிய எக்ஸெல் ஷீட்டை இன்னும் மனசில் வைத்திருக்கிறாரா என்று ரெண்டு பேரும் ஒவ்வொன்றாக எடுத்து அலசினோம். கீழே இறங்கும்போது மணி ரெண்டு. மறுநாளும் அதே கதை.

திங்கட்கிழமை, பயந்ததில் பாதி நடந்தது. என்னை அந்த ப்ராஜெக்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். "சரி, அடுத்து உனக்கு எதில் இஷ்டம்?" என்று கேட்டார். திருதிருவென்று முழித்தேன். அத்தனை மணி நேரம் பேசியிருக்கிறோம், இந்த ஒரு கேள்வி எங்கள் பேச்சில் வரவே இல்லை.

மனநலம் என்றாலே எல்லாரும் சொல்வது, "மனசு விட்டுப் பேசுங்க, பேசினா சரியாயிடும்." அது பாதிதான் உண்மை என்று எனக்குத் தோன்றுகிறது. உடனே சண்டைக்கு வராதீர்கள், முழுசாகப் படித்துவிட்டு வாருங்கள்.

நாம் ஓவர்திங்கிங் என்கிறோமே, உளவியலில் அதற்கு ரூமினேஷன் என்று பேர், தமிழில் அசைபோடுதல். மாட்டிடமிருந்து வந்த வார்த்தை, ரெண்டு மொழியிலும். (எங்கள் அத்தை வீட்டில் மாடு அசைபோடவில்லை என்றால்தான் டாக்டரைக் கூப்பிடுவார்கள். நம் விஷயத்தில் தலைகீழ்.) இதை வருஷக்கணக்காக ஆராய்ந்தவர் சூசன் நோலன்-ஹோக்செமா என்ற அமெரிக்கப் பேராசிரியை. கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மாணவர்களிடம், மனசு சரியில்லாதபோது நீங்கள் என்ன செய்வீர்கள் என்பது போன்ற கேள்விகளுக்குப் பதில் வாங்கி வைத்திருந்தார். சரியாக 14 நாளில், 1989 அக்டோபர் 17 அன்று, அந்தப் பக்கத்தையே குலுக்கிய லோமா ப்ரியேட்டா நிலநடுக்கம் வந்தது. பத்து நாள் கழித்தும் ஏழு வாரம் கழித்தும் அதே மாணவர்களைத் திரும்பக் கேட்டபோது, முன்பே அசைபோடும் பழக்கம் இருந்தவர்களிடம்தான் மனச்சோர்வு அதிகமாகத் தெரிந்தது. எல்லாருக்கும் ஒரே நிலநடுக்கம்தான்.

1995-ல் சோன்யா லியுபோமிர்ஸ்கியோடு சேர்ந்து அவர் வெளியிட்ட ஆய்வுதான் என்னை உறுத்தியது. சோர்ந்திருந்த மாணவர்களில் பாதிப் பேரை 8 நிமிஷம் தங்களைப் பற்றியும் தங்கள் மனநிலையைப் பற்றியும் யோசிக்கச் சொன்னார்கள், மீதிப் பேரை வானத்தில் மேகம் திரள்வது மாதிரி சம்பந்தமில்லாத எதையாவது யோசிக்கச் சொன்னார்கள். அதற்கப்புறம் ரெண்டு தரப்புக்கும் சில சிக்கல்களைக் கொடுத்து வழி கேட்டால், தன்னையே யோசித்தவர்கள்தான் திணறினார்கள். பிரச்சினையைத்தான் தீர்த்துக்கொண்டிருக்கிறோம் என்று நமக்குத் தோன்றுகிறதே, மொட்டை மாடியில் எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது.

அந்த மொட்டை மாடிக்கும் ஒரு பேர் இருக்கிறது, கோ-ரூமினேஷன். கூட்டாக அசைபோடுவது. அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தில் அமாண்டா ரோஸ் என்பவர் 2002-ல் எழுதினார். பள்ளிப் பிள்ளைகளில், ஒரே கஷ்டத்தைத் திரும்பத் திரும்பப் பேசும் தோழிகளுக்கு நெருக்கம் கூடுகிறது, கூடவே சோர்வும் பதற்றமும் கூடுகின்றன. படித்ததும் போனைக் கீழே வைத்துவிட்டேன். எங்கள் நட்பு ஏன் இவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்றும், ரெண்டு பேரும் ஏன் காலையில் பேயறைந்த மாதிரி எழுந்திருக்கிறோம் என்றும் ஒரே வரியில் புரிந்தது.

மூளை விஷயத்துக்கு வருவோம், ரீல்ஸில் அதுதான் ஓடுகிறது. படுத்துக் கண்ணை மூடினால் மூளையும் ஓய்வெடுக்கும் என்று நினைக்கிறோம். கிடையாது. உடம்பு எடையில் 2 சதவீதம் இருக்கிற இந்த உறுப்பு, சும்மா படுத்திருக்கும்போதே உடம்பின் சக்தியில் 20 சதவீதத்தைத் தின்கிறது. சும்மா இருக்கும்போது சேர்ந்து இயங்கும் பகுதிகளுக்கு 2001-ல் மார்கஸ் ரைக்லே குழு வைத்த பேர்தான் டீஃபால்ட் மோட். நெற்றிக்குப் பின்னால் நடுக்கோட்டில் ஒன்று, பின்பக்கம் நடுவில் ஒன்று என்று அந்தப் பகுதிகள் நம்மைப் பற்றியே கதை பேசிக்கொள்கின்றன. மனச்சோர்வு உள்ளவர்களிடம், வருத்தத்தோடு சம்பந்தப்பட்ட பகுதியும் இந்தப் பின்னலோடு கூடுதலாக இணைந்து இயங்குவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. அதற்காக "டீஃபால்ட் மோடை ஆஃப் செய்ய அஞ்சு வழி" என்று ஒருத்தர் வீடியோ போடுகிறார் பாருங்கள், எரிச்சலாக வருகிறது. நாளைக்கு ஊருக்குப் போவதைத் திட்டமிடுவதும், அம்மா முகத்தை நினைத்துப் பார்ப்பதும் அதே பகுதிகள்தான். எதை ஆஃப் செய்வது?

"யோசிக்காதே" என்பதும் அதே ரகம். இங்கிலாந்தில் எக்ஸீட்டர் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் வாட்கின்ஸ், இந்தப் பழக்கத்துக்கென்றே ஒரு சிகிச்சைமுறை உருவாக்கியிருக்கிறார். யோசிக்க வேண்டாம் என்று அவர் சொல்வதில்லை, யோசிக்கிற விதத்தை மாற்றச் சொல்கிறார். "எனக்கு மட்டும் ஏன் இப்படி" என்று கேட்டால் அதற்கு முடிவே வராது. "என்ன நடந்தது, அடுத்து எப்படி" என்று கேட்டால் எங்கேயாவது போய் நிற்கும். நம் வீடுகளில் 'ஏன்'தான் அதிகம். மார்க் குறைந்தால் ஏன் குறைந்தது, வரன் தட்டிப்போனால் ஏன் தட்டிப்போனது. "உட்கார்ந்து நல்லா யோசிச்சுப் பாரு" என்பது எங்கள் வீட்டில் தண்டனை. அந்தப் பயிற்சியோடு இருபத்து மூணு வயதில் வேலைக்கு வருகிறோம்.

ரெண்டு வாரமாகத் தூக்கமும் பசியும் இல்லை, எதிலும் பிடிப்பு இல்லை என்றால் இந்தப் பதிவைப் படித்து ஒன்றும் ஆகாது, டாக்டரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, 24 மணி நேரமும் உண்டு, காசு கிடையாது, தமிழிலும் பேசலாம். உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றினால் ரெண்டு வாரமெல்லாம் காத்திருக்காதீர்கள், இப்போதே கூப்பிடுங்கள்.

நானும் ரூம்மேட்டும் பேச்சை நிறுத்திவிடவில்லை. நான் வாயைத் திறந்ததும் அவள், "புதுசா, பழசா?" என்று கேட்கிறாள். புதுசு என்றால் முழுசாகக் கேட்பாள். போன புதன்கிழமை ராத்திரி மேனேஜர் பேச்சை எடுத்தேன். புதுசா, பழசா என்று கேட்டாள். பழசு என்று ஒத்துக்கொண்டேன். "அப்ப அந்த மாவை எடு, புளிச்சிடப் போகுது" என்று தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாள். மூணாவது தோசையில் திரும்பவும் ஆரம்பித்தேன், அது வேறு விஷயம்.