சாகாமல் நடந்துபோன இருவர்

'அலைகள் ஓய்வதில்லை' பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோரும் நேராகக் கடைசிக் காட்சிக்குப் போய்விடுகிறார்கள். விச்சு பூணூலை எறிவான், மேரி சிலுவையை எறிவாள். மதம் தாண்டிய காதல், பாரதிராஜாவின் துணிச்சல் என்று அத்தோடு பேச்சும் முடிந்துவிடும். துணிச்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் 1981-ல் வந்த படத்தை இன்னும் நாம் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு எனக்குத் தெரியும் காரணம் வேறு. அந்த இரண்டு பேரும் சாகவில்லை.

அக்கம்பக்கத்துப் படங்களைப் பாருங்கள். 1980-ல் 'ஒருதலை ராகம்'. அவள் மனசைத் திறப்பதற்குள் ரயிலிலேயே அவன் உயிர் போய்விடுகிறது. 'அலைகள்' வந்த அதே வருஷம் பாலசந்தர் தன் தெலுங்குப் படமான 'மரோசரித்ரா'வை இந்தியில் 'ஏக் துஜே கே லியே' என்று எடுத்தார். அதிலும் காதலர்கள் இருவரும் பிணம். 2004-ல் வந்த 'காதல்' பையனை உயிரோடு விட்டது, ஆனால் புத்தி பேதலித்துத் தெருவில் அலையவிட்டது. சின்ன வயசில் காதலித்தால் ஏதாவது ஒரு விலை கொடுத்தே ஆக வேண்டும் என்பது நம் சினிமாவின் எழுதாத சட்டம். நமக்கும் அழுதுவிட்டு வீட்டுக்குப் போவது வசதி. நிஜத்தில் இப்படி ஒரு ஜோடி எதிரே வந்து நின்றால் என்ன செய்வோம் என்று யோசிக்க வேண்டியதில்லை, பாருங்கள்.

இந்தப் படம் அந்த வசதியைத் தரவில்லை. கார்த்திக், ராதா இருவருக்கும் அதுதான் முதல் படம். நட்சத்திர பிம்பம் எதுவும் இல்லாததால், மேரியின் பணக்கார அண்ணன் டேவிட்டாக வரும் தியாகராஜன் முன்னால் விச்சு நிஜமாகவே ஒரு பொடியனாகத் தெரிகிறான். இவன் எங்கே ஜெயிக்கப் போகிறான் என்ற பயம் நமக்கும் வருகிறது.

அப்புறம் அந்தப் பாட்டு வகுப்பு. விச்சுவின் அம்மாவிடம் (கமலா காமேஷ்) சங்கீதம் கற்க வருகிறாள் மேரி. காதல் வளர ஒரு இடமும் பொழுதும் வேண்டும் என்று இந்தப் படத்துக்குத் தெரியும். இளையராஜா பாட்டுகள் வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டியவையாகத் தோன்றாததும் இதனால்தான். (இசைத்தட்டில் இருந்த 'புத்தம் புது காலை' படத்தில் இல்லை. இன்றைக்கும் எனக்கு அது மனத்தாங்கல்தான்.) படம் எடுக்கப்பட்ட முட்டத்துக் கடற்கரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன?

எல்லாமே வாடாமல் இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். பையன்கள் கூட்டமாகச் சேர்ந்து ஒரு பெண்ணைச் சீண்டுவதை விளையாட்டு என்று காட்டும் இடங்களை இப்போது பார்த்தால் சங்கடமாக இருக்கிறது. சில்க் ஸ்மிதா நடித்த எலிசபெத் இதற்கு நேர்மாறு. கவர்ச்சிக்கு வெளியே அவருக்குக் கிடைத்த அபூர்வமான வேடம். டேவிட்டின் மனைவியாக அவர் நிற்கும் காட்சிகளில், கல்யாணம் என்பது அந்த வீட்டில் என்னவாக இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

"சரி, ஊரைவிட்டுப் போனார்கள், சோற்றுக்கு என்ன செய்வார்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். எனக்குத் தெரிந்த பிள்ளைகள் யாராவது அந்த வயதில் கிளம்பினால், முதலில் படிப்பை முடியுங்கள் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் படம் பதில் சொல்லியிருந்தால், ஒன்று பிரச்சாரமாகியிருக்கும், இல்லை மறுபடியும் இழவு வீடாகியிருக்கும். இப்போது யாராவது இதை மறுபடி எடுக்க நினைத்தால் ஒரே ஒரு வேண்டுகோள். 'பத்து வருடங்களுக்குப் பிறகு' என்று ஒரு காட்சி மட்டும் வைத்துவிடாதீர்கள்.