அந்த அம்மா கேட்டது வகுப்பு, வாழ்த்து இல்லை

அந்தப் பெற்றோர் கூட்டத்து வீடியோவை இனிமேல் யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். அனுப்பியவர்களில் பாதிப் பேர் கூடவே கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மையையும் போட்டிருந்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இங்கே அமெரிக்காவில், ஊருக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கென்று நாமே கூட்டம் போட்டு, "என்ன சந்தேகம் இருந்தாலும் தயங்காமக் கேளுங்க" என்று நாமே மைக்கையும் நீட்டுகிறோம். ஒரு அம்மா எழுந்து கேட்கிறார்: "போன மாசம்தான் வந்தோம். பையன் ஆறாவது. அங்க ரெண்டு கிளாஸ் மேல உள்ள கணக்கு பண்ணிட்டிருந்தான். இங்க எந்த பப்ளிக் ஸ்கூல்ல அவனுக்குத் தோதா கிளாஸ் இருக்கும்?" (இங்கே பப்ளிக் ஸ்கூல் என்றால் அரசுப் பள்ளி.) மேடையில் இருந்த பெரியவர் என்ன சொன்னார்? "மொதல்ல அவன விளையாட விடுங்கம்மா. ஐன்ஸ்டீனே லேட்டாத்தான் பேசினாராம்." அரங்கம் முழுக்கச் சிரிப்பு. அந்த அம்மா மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். வீடியோ அதோடு முடிகிறது. கேள்விக்கான பதில் வீடியோவிலும் இல்லை, அதற்குக் கீழே வந்த கமெண்டுகளிலும் இல்லை.

"எனக்குத் தெரியாதும்மா, தெரிஞ்சவங்க சொல்லுங்க" என்று அவர் சொல்லியிருக்கலாம். ஆனால் மேடையில் உட்கார்ந்த பிறகு தெரியாது என்று சொல்வது நம் ஆட்களுக்கு ஆகாதே.

அவர் கேட்டது வகுப்பு. வாழ்த்து இல்லை, கைதட்டல் இல்லை, "உங்க பையன் ஜீனியஸ்மா" என்ற சான்றிதழும் இல்லை. அதே அம்மா சாக்கருக்கு நல்ல கோச் யார் என்று கேட்டிருந்தால், மைதானத்தின் முகவரியிலிருந்து டிரைஅவுட் தேதி வரை நான்கு பேர் எழுந்து நின்று சொல்லியிருப்பார்கள். பத்து வயதுப் பிள்ளையை ஊர் ஊராகப் போய் ஆடும் டிராவல் டீமில் போட்டு வாரம் முழுக்க ஓட்டினால் அது ஆர்வம். கணக்கு வகுப்பு கேட்டால் மட்டும் பிள்ளையை விரட்டுகிற டைகர் மாம்!

இந்த நாட்டில் இதைக் கேட்காமல் தெரிந்துகொள்ள வழியே இல்லை என்பது, இங்கே ரொம்ப நாளாக ஒரே வீட்டில் இருப்பவர்களுக்குப் புரிவதில்லை. முன்னே போகிற பிள்ளைக்கு அதற்கேற்ற பாடம் கொடுத்தே ஆக வேண்டும் என்று எந்த ஃபெடரல் (மத்திய அரசு) சட்டமும் சொல்லவில்லை. எல்லாம் மாநிலத்தின் இஷ்டம். டெக்சாஸில் ஒவ்வொரு டிஸ்ட்ரிக்ட்டும் (ஒரு வட்டாரத்துப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) இப்படிப்பட்ட பிள்ளைகளைக் கண்டுபிடித்து அவர்களுக்கென்று ஏதாவது நடத்தியே ஆக வேண்டும், அது சட்டம். கலிஃபோர்னியாவில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. இதற்கென்று தனியாக வந்துகொண்டிருந்த பணத்தையும் 2013-ல் பொது நிதியோடு சேர்த்துவிட்டார்கள். நடத்துகிற டிஸ்ட்ரிக்ட் நடத்தும், நடத்தாதது நடத்தாது. இரண்டும் ஒரே சாலையின் இரண்டு பக்கத்தில் இருக்கும்.

வீடு மாறினால் என்ன ஆகும்? ஐ.இ.பி. (சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளைக்கான தனித் திட்டம்) உள்ள பிள்ளை மாநிலம் விட்டு மாநிலம் வந்தால், தாங்கள் மறுபடி பரிசோதித்து முடிக்கும் வரை புதிய பள்ளி அதற்கு இணையான உதவியைக் கொடுத்தாக வேண்டும். ஃபெடரல் சட்டம் அது, அப்படித்தான் இருக்கவும் வேண்டும். ராணுவத்தில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்கும் 50 மாநிலங்களும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இருக்கிறது. பழைய பள்ளியில் எந்த நிலை வகுப்பில் இருந்தார்களோ, புதிய பள்ளியில் அது இருந்தால் முதலில் அதில் உட்கார வைக்க வேண்டும். சோதிப்பதெல்லாம் அப்புறம். ஆக, இதை எப்படிச் செய்வது என்று இவர்களுக்கு நன்றாகவே தெரியும். நம் வீட்டு அப்பாக்கள் பட்டாளத்தில் இல்லை, ஐ.டி. கம்பெனியில் இருக்கிறார்கள். அதனால் நம் பிள்ளைகள் ஒவ்வொரு முறையும் 'அ'விலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

என் மகள் கதையை இங்கே எழுதியதில்லை. இப்போது எழுதுகிறேன். டெக்சாஸிலிருந்து இங்கே கலிஃபோர்னியாவுக்கு வந்தபோது அவள் ஏழாவது, வருடத்தின் நடுவில். அங்கே அல்ஜீப்ரா 1 பாதி முடித்திருந்தாள். இங்கே சேர்த்த பள்ளியில் ஏழாவது என்றால் ஏழாவது கணக்குதான், எல்லோருக்கும் ஒன்றே. பழைய மார்க், டீச்சரின் கடிதம் எல்லாவற்றையும் எடுத்துப் போனேன். கவுன்சிலர் நல்ல பெண். காபி வேண்டுமா என்று கேட்டார். நான் கொண்டுபோன ஃபைலைத் திறக்கவில்லை. "எந்த வகுப்பில் சேர்ப்பது என்று பார்க்கிற எங்கள் பிளேஸ்மென்ட் டெஸ்ட் வசந்தகாலத்தில்தான். அதுவும் அடுத்த வருஷத்துக்கு" என்றார். அதுவரை? "உங்கள் மகள் மற்ற பிள்ளைகளுக்கு உதவலாமே, தலைமைப் பண்பு வளரும்."

வளர்ந்தது. டெஸ்க்குக்கு அடியில் கதைப் புத்தகம் வைத்துப் படிக்கும் பண்பு வளர்ந்தது. "வகுப்பில் கவனம் இல்லை" என்று டீச்சரிடமிருந்து மெயில் வந்தது. ஒருநாள் அவளுடைய ஹோம்வொர்க்கைப் பார்த்தேன். அவள் தூக்கத்தில்கூடத் தப்பாகப் போடாத கணக்கில் இரண்டு தப்பு. ஏன் என்று கேட்டேன். "எல்லாம் கரெக்டா இருந்தா, போய் அவங்களுக்குச் சொல்லிக்கொடுன்னு அனுப்பிடுறாங்கம்மா. அவங்களுக்கு என்னைப் பிடிக்கல."

பன்னிரண்டு வயதுப் பிள்ளை தப்பாகச் செய்யக் கற்றுக்கொண்டது. விளையாட விடுங்கள் என்று சொன்ன பெரியவரே, இந்த விளையாட்டையா சொன்னீர்கள்?

சரி, இனி கமெண்டில் வரப்போவதற்கெல்லாம் முன்கூட்டியே பதில்.

"பிள்ளையைப் பிள்ளையாக விடுங்கள்." விட்டால்தானே அது கணக்குப் போடுகிறது! யாரும் பிரம்பெடுத்து உட்கார வைக்கவில்லை. எப்படியும் அவன் தினம் ஆறு மணி நேரம் பள்ளியில்தான் இருக்கப் போகிறான். அந்த நேரத்தில் ஏற்கனவே தெரிந்ததையே திரும்பக் கேட்டுக்கொண்டிருப்பதுதான் குழந்தைப் பருவமா?

"10-க்கு 10 ரேட்டிங் உள்ள ஸ்கூல் பக்கத்தில் வீடு வாங்கிவிடு, தன்னால் சரியாகிவிடும்." இதைச் சொல்லாத ரியல்டர் இல்லை. அந்த எண் பெரும்பாலும் மாநிலத் தேர்வு மார்க்கை வைத்து வருவது. மார்க்கோ அந்தத் தெருவின் வருமானத்தோடு சேர்ந்தே ஏறி இறங்கும். எத்தனை பேர் தேறினார்கள் என்று அது சொல்லலாம். தேறித் தாண்டிப் போனவனுக்கு அடுத்து என்ன வைத்திருக்கிறார்கள் என்று சொல்லாது. நாங்கள் சேர்த்ததும் உயர்ந்த ரேட்டிங் பள்ளிதான். வாடகையைக் கேட்டால் தலை சுற்றும்.

"அப்புறம் என்ன, பிரைவேட்ல போடு." இதற்குத்தான் எனக்குக் கோபம் வருகிறது. ஏன் போட வேண்டும்? வரி கட்டுகிறேன். வாடகைக்கு இருந்தாலும் வீட்டுக்காரரின் பிராப்பர்ட்டி டாக்ஸ் என் வாடகைக்குள்தான் இருக்கிறது. என் பிள்ளை பப்ளிக் ஸ்கூல் பிள்ளை. இது எனக்குக் கொள்கை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கொஞ்சம் கனமான கேள்வி: "முன்னே போகிற பிள்ளைகளுக்கான இந்த ஜிஃப்டட் வகுப்பெல்லாம் வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குத்தானே போகிறது, சமத்துவம் வேண்டாமா?" வேண்டும். நடப்பதும் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் வகுப்பையே மூடுவதா அதற்கு மருந்து? சான் ஃப்ரான்சிஸ்கோ 2014-ல் அதைத்தான் செய்தது. எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா கிடையாது, எல்லோரும் ஒன்பதில்தான் என்றார்கள். காசு இருந்தவர்கள் வெளியே பணம் கட்டிப் படிக்க வைத்தார்கள், இல்லாதவர்கள் காத்திருந்தார்கள். 2024 மார்ச்சில் ஊரில் வாக்கெடுத்துக் கேட்டபோது, பத்தில் எட்டுப் பேர் திரும்பக் கொண்டுவரச் சொன்னார்கள்.

மாற்று வழி இல்லாமல் இல்லை. ஃப்ளோரிடாவின் ப்ரோவர்ட் கவுண்டியில் 2005-ல், பெற்றோரும் டீச்சரும் பரிந்துரைத்த பிள்ளையை மட்டும் சோதிப்பதை விட்டுவிட்டு, இரண்டாம் வகுப்பில் எல்லோரையும் சோதித்தார்கள். அதுவரை கண்ணில் படாத ஏழை வீட்டுப் பிள்ளைகளும் கறுப்பின, ஹிஸ்பானிக் பிள்ளைகளும் ஏராளமாக உள்ளே வந்தார்கள். பின்னாளில் நோபல் வாங்கிய பொருளாதார அறிஞர் டேவிட் கார்டும் லாரா ஜூலியானோவும் இதை ஆராய்ந்து எழுதினார்கள். பட்ஜெட் இல்லையென்று அந்தக் கவுண்டி அந்தச் சோதனையை நிறுத்தியது, அது வேறு வயிற்றெரிச்சல். நார்த் கரோலினாவில் 2018 முதல், மாநிலத் தேர்வில் மேல்நிலை வாங்கிய பிள்ளையை மேல் கணக்கு வகுப்பில் போட்டாக வேண்டும். டெக்சாஸ் 2023-ல், ஐந்தாவதில் முதல் 40 சதவீதத்தில் வரும் பிள்ளைகளை ஆறாவதில் தானாகவே மேல் கணக்கு வகுப்பில் சேர்க்கச் சொல்லிச் சட்டம் போட்டது. வேண்டாம் என்கிற பெற்றோர்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். வீட்டில் யாருக்கும் மைக் பிடித்துக் கேட்கத் தெரியாத பிள்ளையும் வகுப்புக்குள் போக, இதைவிட நல்ல வழி இருந்தால் சொல்லுங்கள்.

அதையெல்லாம் யாரும் பேச மாட்டீர்கள். மேடையில் சமத்துவம், சனிக்கிழமை காலையில் கோச்சிங் சென்டர் வாசலில் கார் வரிசை. அந்த வரிசையில் யார் யார் நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், நானும் அந்த வழியாகத்தான் காய்கறி வாங்கப் போகிறேன். பணம் கட்டி ரகசியமாக முன்னே ஓட்டலாம், பள்ளியில் வெளிப்படையாகக் கேட்கக் கூடாது. இது என்ன நியாயம்? வீடியோவில் முன்வரிசையில் உட்கார்ந்து அதிகமாகச் சிரித்தவர், தன் பையனுக்கு சம்மரில் ஜியோமெட்ரி முடித்துக் கொடுத்தவர். பெயர் போட மாட்டேன். அவருக்கே தெரியும்.

என் மகள் விஷயம் தெரிந்த பிறகு ஒரு பிறந்தநாள் வீட்டில், கூடப் பழகுகிற ஒருத்தியே "வாங்க ராமானுஜம், கேக் எத்தனை துண்டு வெட்டணும், கணக்குப் போடுங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள் என்று எனக்கும் தெரியும். மகள் அன்று கேக் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு யாராவது "மேத்ஸ் எப்படிப் போகுது?" என்று கேட்டால் "ஓகே" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறாள். அவளுக்கு உயிரான விஷயத்தை வெட்கப்படும் விஷயமாக ஆக்கியதில் பள்ளிக்குப் பாதிப் பங்கு. மீதிப் பாதி யாருக்கு என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

"இவ்வளவு கோபம் எதற்கு, சும்மா ஒரு ஜோக்" என்று ஆரம்பிக்கிறவர்களை இந்தத் தடவை நான் பிளாக் செய்துவிடுவேன். முன்பே சொல்லிவிட்டேன்.

அந்த அம்மாவுக்கு: உங்களை எனக்குத் தெரியாது. பள்ளி அலுவலகத்தில் "நல்ல ஸ்கூலா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்பார்கள். இந்த மிடில் ஸ்கூலில் நடக்கிற உச்சபட்சக் கணக்கு வகுப்பு எது, அதையும் முடித்த பிள்ளையை ஹை ஸ்கூலுக்கு அனுப்புகிறார்களா, பஸ் யார் பொறுப்பு என்று கேளுங்கள். பிளேஸ்மென்ட் டெஸ்ட் எந்த மாதம், வருடத்தின் நடுவில் வந்தவனுக்கு உண்டா, பழைய ஊரில் எழுதிய காக்ஏடி, மேப் என்கிற தேர்வுகளின் மதிப்பெண்களை ஏற்பார்களா, மறுத்தால் யாரிடம் முறையிடுவது, இவற்றையெல்லாம் மெயிலில் கேட்டுப் பதிலையும் மெயிலிலேயே வாங்குங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம். மேக்னட் பள்ளிகளுக்கு (ஏதாவது ஒரு துறையில் சிறப்புப் பாடம் நடத்தும் பப்ளிக் ஸ்கூல்கள்) பல இடங்களில் குளிர்காலத்தோடு விண்ணப்பம் முடிந்துவிடும், கோடையில் வருகிற நமக்கு மிச்சம் வெயிட்டிங் லிஸ்ட்தான். அதிலாவது பெயரைப் போட்டு வையுங்கள். பையன் ஒன்பதாவது போகும்போது, கலிஃபோர்னியாவின் 2015 சட்டப்படி, கணக்கு வகுப்பில் சரியான இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறானா என்று முதல் மாதத்துக்குள் ஒருமுறை பார்த்தாக வேண்டும். ஆறாவதுக்கு அது உதவாது, ஆனால் தெரிந்திருக்கட்டும். ஹை ஸ்கூலில் வகுப்பு தீர்ந்துபோனால் கம்யூனிட்டி காலேஜில் பெரும்பாலும் கட்டணமில்லாமலே படிக்கலாம்.

இதைச் சொல்ல மேடையில் ஒன்றரை நிமிடம் போதும். அவரை யாருக்காவது தெரிந்திருந்தால் என் நம்பரைக் கொடுங்கள். நாங்கள் அனுப்பிய மெயில்களையெல்லாம் வைத்திருக்கிறேன், பெயரை மாற்றி அப்படியே அனுப்பிக்கொள்ளலாம். அடுத்த கூட்டத்துக்கு என்னை மேடைக்குக் கூப்பிட வேண்டாம், வர மாட்டேன். கீழே மைக் பக்கத்தில் நிற்பேன்.