4கே திரையில் எச்டி வீடியோ மங்கிவிடுமா?

"4கே மடிக்கணினியில் 1080பி வீடியோ மங்கலாகத் தெரியும், பார்க்கும் முன் திரையின் தெளிவுத்திறனை 1080க்குக் குறைத்துவிடுங்கள்" என்று ஓர் அறிவுரை பகிரப்படுகிறது. இது தவறு.

1080பி எனப்படும் முழு எச்டி வீடியோவின் ஒரு சட்டகம் 1920×1080 பிக்சல்கள், அதாவது படத்தை உருவாக்கும் சிறு புள்ளிகள். 4கே திரையில் 3840×2160. நீளத்திலும் அகலத்திலும் சரியாக இரு மடங்கு. வீடியோவின் ஒவ்வொரு பிக்சலுக்கும் திரையில் நான்கு பிக்சல்கள் இருப்பதால் எந்த விவரமும் தொலைவதில்லை. புதிய விவரம் பிறப்பதும் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். 2880×1800 போன்ற திரைகளில் விகிதம் ஒன்றரை மடங்கு. அங்கே இடைப்பட்ட நிறங்களைக் கணினியே கணித்து நிரப்பும். திரையின் பிக்சல்கள் மிகச் சிறியவை என்பதால் அது கண்ணை உறுத்துவது அரிது.

தெளிவுத்திறனைக் குறைப்பதால் என்ன ஆகும்? திரையிலுள்ள பிக்சல்களின் எண்ணிக்கை மாறப்போவதில்லை. குறைத்த படத்தை மீண்டும் முழுத்திரைக்கு இழுத்தே ஆக வேண்டும். தவிர்க்க நினைத்த அதே வேலை வேறோர் இடத்தில் நடக்கிறது; கூடவே எழுத்துகளும் மங்கிவிடுகின்றன. வீண் சிரமம்.

மங்கல் உண்மையிலேயே தெரிந்தால் வீடியோவைச் சந்தேகியுங்கள். பெரும்பாலும் கோப்பின் அளவைக் குறைக்கச் செய்த அதிகச் சுருக்கமே காரணம். இணைய வேகம் குறைந்ததும் தளம் தானாகவே 480பிக்கு இறங்கியிருக்கலாம். வீடியோ பிளேயரின் தர அமைப்பைத் திறந்து பாருங்கள். நகலெடுக்க முடியாதபடி பாதுகாக்கப்பட்ட படங்களைச் சில உலாவிகளில் குறைந்த தரத்தில் மட்டுமே அனுப்பும் சேவைகளும் உண்டு.

4கே திரை பேட்டரியைக் கூடுதலாகச் செலவழிக்கும் என்பது மட்டும் நியாயமான குறை.