டெல்லி கணேஷ் டெல்லிக்காரர் அல்லர்

டெல்லி கணேஷ் டெல்லியில் பிறந்தவர் என்றும், கமல் படங்களால் மட்டுமே வாழ்ந்த நகைச்சுவை நடிகர் என்றும் மேலே உள்ள பதிவில் நண்பர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

அவர் பிறந்தது தூத்துக்குடிப் பக்கம் வல்லநாட்டில். விமானப்படையில் பத்தாண்டு வேலை பார்த்தவர். டெல்லியில் தட்சிண பாரத நாடக சபாவில் நடித்தார். பெயருக்கு முன்னால் அந்த ஊர் ஒட்டிக்கொண்டது அதனால்தான். அப்படிப் பெயர் சூட்டியவர் பாலசந்தர். அவர் இயக்கிய 'பட்டினப் பிரவேசம்' (1977) கணேஷின் முதல் படம். அதில் கமல் இல்லை.

கமலின் 'மைக்கேல் மதன காமராஜன்' படத்தில் கணேஷ் நடித்த பாலக்காட்டு மணி ஐயரை யார்தான் மறப்பார்கள்? சாம்பாரில் மீன் விழுந்த கல்யாணத்தை நானும் எத்தனையோ முறை பார்த்துச் சிரித்திருக்கிறேன். ஆனால் அதோடு அவரை முடித்துவிடாதீர்கள். 'பசி'யில் (1979) ரிக்‌ஷா இழுக்கும் தகப்பன் அவர்; அந்த வேடத்துக்குத் தமிழக அரசின் சிறப்புப் பரிசும் கிடைத்தது. 'சிந்து பைரவி'யில் (1985) குடித்துவிட்டுக் கச்சேரிக்கு வந்து நிற்கும் மிருதங்க வித்வானைப் பாருங்கள். பாடகர் அவரை வெளியே அனுப்பிவிட்டு, மிருதங்கம் இல்லாமலே பாடுகிறார். அந்த அவமானத்தை வசனத்தைவிட முகத்தில்தான் அதிகம் காட்டியிருப்பார். அங்கே சிரிக்க என்ன இருக்கிறது?

நானூறுக்கும் மேற்பட்ட படங்கள், அவற்றோடு தொலைக்காட்சித் தொடர்களும். 2024 நவம்பர் 9 அன்று, எண்பது வயதில் காலமானார். இவ்வளவு உழைத்த மனிதரை இன்னொருவரின் நிழலில் நிறுத்துவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. தயவுசெய்து பதிவைத் திருத்துங்கள்.