2050-ல் நான் இருப்பேனா என்று கேட்டவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் கூட்டத்தில் நடந்ததை வந்தவர்கள் எல்லாரும் பார்த்தீர்கள். மூன்று அங்சானா மரங்களை வெட்டி இன்னும் நாற்பது காருக்கு இடம் போட வேண்டாம், வந்திருக்கும் ஒதுக்கீட்டில் பஸ் நிறுத்தத்துக்கு ஒரு கூரை போட்டுக் கொடுங்கள் என்றுதான் கேட்டேன். 2050-க்குள் நிகர சுழியக் கரிம வெளியீடு, அதாவது விடுகிற கரிமமும் திரும்ப உறிஞ்சப்படுகிற கரிமமும் சமமாக வேண்டும் என்று மலேசிய அரசாங்கமே 2021-ல் அறிவித்திருக்கிறதே என்றும் சொன்னேன். “2050-ல நீங்க இருப்பீங்களாக்கா?” என்றார் ஒரு தம்பி. மண்டபமே சிரித்தது. நானும் சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மூன்று நாளாகிறது, அந்தச் சிரிப்பு காதை விட்டுப் போகவில்லை.

தம்பி, எனக்கு 61 வயது. இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆனால் இன்று காலை உங்கள் காரிலிருந்து கிளம்பிய கரியமில வாயுவில் பெரும்பங்கு 2050-லும் மேலே இருக்கும். அது நூற்றாண்டுக் கணக்கில் தங்குகிற சரக்கு. உங்கள் மகளுக்கு இப்போது ஆறு வயது. அவள் இருப்பாள் இல்லையா?

2050 என்பது திடீரென்று ஒரு நாள் வாசலில் வந்து நிற்கப்போவதில்லை. இப்போது போடும் சிமெண்டும் வெட்டும் மரமும்தான் 2050. என் தாத்தா நம் பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில் டிராலி பஸ்ஸில் கண்டக்டர். மேலே கம்பியைத் தொட்டுக்கொண்டு மின்சாரத்தில் ஓடிய பஸ். சத்தமே இருக்காது, மழையில் கம்பியில் பொறி பறக்கும் என்று பாட்டி சொல்லிச் சொல்லியே வளர்ந்தேன். 1961-ல் அதை நிறுத்தினார்கள். நான் பிறக்கும் முன்பே எடுத்த முடிவு. இந்தத் தீவில் முத்தியாரா எல்ஆர்டி என்ற இலகு ரயில் பாதை வேலை தொடங்கவே 2025 ஆகிவிட்டது. ஒரு முடிவை எத்தனை தலைமுறை சுமக்கிறது பாருங்கள்.

சீனாவும் அமெரிக்காவும் விடும் புகைக்கு முன்னால் நாம் எம்மாத்திரம் என்பீர்கள். உலக அளவில் மலேசியாவின் பங்கு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவுதான், மறுக்கவில்லை. நம் வீட்டுக் குப்பையும் ஊர்க் குப்பையில் கொஞ்சம்தான், அதற்காக யாரும் அதை வாசலில் கொட்டுவதில்லை. மின்சாரக் கார் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்னவருக்கு: 2050-ல் மின் உற்பத்தித் திறனில் 70 விழுக்காடு புதுப்பிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்பது நாட்டின் இலக்கு. இன்றைக்கு நம் மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியிலும் எரிவாயுவிலும்தான் வருகிறது. அதோடு மின்சாரக் காருக்கும் நிறுத்த இடம் வேண்டுமே, அதற்கும் மரத்தைத்தான் வெட்டுவோமா? வயதானவர்களை மருத்துவமனைக்குக் கூட்டிப் போகக் கார் வேண்டும் என்றால், சரி, வேண்டும். நான் யார் காரையும் பிடுங்க வரவில்லை.

“பஸ்ஸில் யார்க்கா போறாங்க?” என்று இன்னொருவர் கேட்டார். நான் போகிறேன். நான்காம் மாடி அம்மா முழங்கால் வலியோடு ஜார்ஜ்டவுன் கொம்தார் கட்டடம் வரை போகிறார். படிக்கும் பிள்ளைகள், பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை செய்யும் பங்களாதேஷ் தம்பிகள், எல்லாரும் வெயிலில் நின்று அரை மணி நேரம் சாலையையே பார்க்கிறோம். அந்தக் கூட்டத்துக்கு எங்களில் எத்தனை பேரை அழைத்தீர்கள்? கார் இல்லாதவர் பேச்சு பேச்சில்லை என்றால் அதை நேராகவே சொல்லியிருக்கலாம், சிரித்திருக்க வேண்டாம். இருபத்தெட்டு வருடமாக இதே குடியிருப்பில் உங்கள் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் வந்து நின்றிருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது.

சனிக்கிழமை காலை மரத்தை அளக்க ஆள் வருகிறார்களாம். எட்டு மணிக்கு நான் அங்கே இருப்பேன், நான்காம் மாடி அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். தம்பி, முடிந்தால் மகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.