13 அணி மாறினது குறையில்லை

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.யில் இஷ் ஸ்மித் என்ற வீரர் 13 அணிகளுக்கு ஆடினதை 'நிலைக்கத் தெரியாதவர்' என்று நான் வாசித்த கட்டுரை ஒன்று தட்டிவிட்டுப் போகிறது. 2010இல் என்.பி.ஏ. அணிகள் புது வீரர்களை எடுக்கிற வருடாந்தத் தெரிவில் எந்த அணியும் எடுக்காத ஆறடிக்காரர் அவர். அதற்குப் பிறகு 13 அணிகளுக்குத் தேவைப்பட்டிருக்கிறார், 2023இல் டென்வர் நகெட்ஸோடு கிண்ணமும் எடுத்தார்.

இப்படியானவர்கள் பலர் உள்ளே நுழைகிற வாசல் பத்து நாள் ஒப்பந்தம். கட்டுரை அதைத் தொடவே இல்லை. ஜனவரி 5இலிருந்துதான் போடலாம். 10 நாள் அல்லது 3 ஆட்டம், எது நீளமோ அது. ஒரே அணி ஒரு பருவத்தில் இரண்டு தரம்தான் போடலாம், பிறகும் வேண்டுமென்றால் பருவம் முடியும்வரை வைத்திருக்கவேணும். அந்தப் பத்து நாளுக்குள் புது அணியின் ஆட்டத் திட்டங்களைப் பாடமாக்கவேணும். பந்தை வைத்து வித்தை காட்ட நேரமில்லை. எதிராளியை மறிக்கிறதும் மூலையிலிருந்து மூன்று புள்ளி போடுகிறதும்தான் சோறு போடும்.

வெளிநாட்டுக் கழகங்களில் சிக்கல் வேறு. சம்பளம் பிந்தினால் சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபீபாவின் (FIBA) நடுவர் மன்றத்துக்குப் போகலாம், ஆனால் அதற்கான வாசகம் ஒப்பந்தத்தில் இருக்கவேணும். பழைய நாட்டுச் சம்மேளனத்தின் விடுவிப்புக் கடிதம் இல்லாமல் புது நாட்டில் இறங்கவும் ஏலாது.

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பெடியளுக்கு ஒன்று: சீமெந்துத் தரையில் பழைய 6.25 மீற்றர் மூன்று புள்ளிக் கோடு கிடந்தால் 6.75க்கு மாத்திக் கீறுங்கோ. கம்பத்தடியிலிருந்து அளக்காதேங்கோ, வளையத்தின் நடுவுக்கு நேர்கீழே இருந்து அளக்கவேணும். மூலையில் மட்டும் பக்கக் கோட்டிலிருந்து 90 சென்ரிமீற்றர் உள்ளே.