சன்ஸ்கிரீனைத் திட்டுவதற்கு முன்னால்

சன்ஸ்கிரீனை முகத்தில் தேய்க்கத் தேய்க்க, பென்சில் எழுத்தை ரப்பரால் அழித்தால் உதிருமே, அந்த மாதிரி திரிதிரியாக உருண்டு வரும். தாடையோரத்தில்தான் முதலில் தெரியும். துடைக்கப் போனால் இன்னும் கூடும். கடைசியில் எரிச்சலில் முகத்தைக் கழுவிவிட்டு, ஒன்றும் பூசாமலே கிளம்பிவிடுவேன். இப்படியே மூன்று ட்யூப்களைப் பாதியில் ஓரங்கட்டினேன்.

தப்பு சன்ஸ்கிரீன் மேல் இல்லை, அதற்கு அடியில் நான் அடுக்கி வைத்தவற்றின் மேல்தான் என்று புரிய வெகுநாள் ஆனது. டோனர், வைட்டமின் சி, நயாசினமைடு, ஹையலுரானிக் ஆசிட் என்று மூன்று சீரம், அப்புறம் மாய்ஸ்சரைசர். காலை நேரத்தில் ஐந்து அடுக்கு! சீரத்தைக் கெட்டியாக்கச் சேர்க்கிற சாந்தன் கம், கார்போமர் எல்லாம் தோலுக்குள் இறங்குவதில்லை. மேலேயே பாலாடை மாதிரி மெல்லிய ஏடாகக் காய்ந்து நிற்கும். லேபிளில் டைமெதிகோன் என்று போட்டிருக்கிற சிலிக்கோனும் அப்படித்தான். அந்த ஏட்டின் மேல் இன்னொன்றை வைத்து அழுத்தித் தேய்த்தால் பிய்ந்து சுருளாமல் என்ன செய்யும்?

‘கொஞ்சமாகப் பூசினால் உருளாதே’ என்பீர்கள். நானும் செய்து பார்த்ததுதான். ஆனால் ட்யூபில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் எண், அதாவது வெயிலில் தோல் கன்றாமல் எவ்வளவு காக்கும் என்று சொல்கிற எண், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்து வந்தது. முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து, ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால்தான் கிட்டத்தட்ட அந்த அளவு வரும். பட்டாணி அளவு எடுத்துவிட்டு 50 என்ற எண்ணை நம்பிக்கொண்டிருப்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

அடுத்து, மாய்ஸ்சரைசரோடு உள்ளங்கையில் குழைத்துப் பூசுகிற வித்தை. தயவுசெய்து வேண்டாம். சன்ஸ்கிரீன் நீர்த்துப்போகும், தோலில் சீராகப் படரவும் படராது. எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன் மேல் எஸ்பிஎஃப் 15 ஃபவுண்டேஷன் போட்டால் 45 ஆகிவிடும் என்பதும் தப்புக் கணக்கு.

இப்போது காலையில் ஒரே ஒரு சீரம், மெல்லிசாக மாய்ஸ்சரைசர். மற்றதெல்லாம் ராத்திரிக்கு. எண்ணெய்ப் பசைத் தோல் என்றால் மாய்ஸ்சரைசரே தேவைப்படாமல் போகலாம், பல சன்ஸ்கிரீன்களில் ஈரப்பதம் தரும் பொருட்கள் ஏற்கனவே இருக்கின்றன. சீரமும் மாய்ஸ்சரைசரும் பூசிய பிறகு விரலின் பின்பக்கத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன். ஒட்டினால் இன்னும் கொஞ்சம் பொறுப்பேன். ஒட்டவில்லையென்றால் சன்ஸ்கிரீன், இரண்டு தவணையாக. பரபரவென்று தேய்க்காமல், ஒரே திசையில் பரப்பி, உள்ளங்கையால் ஒற்றிவிடுவேன். வெயிலில் இறங்க 15 நிமிடம் முன்பே இந்த வேலை முடிந்துவிட வேண்டும். வெளியிலேயே இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒரு முறை, வியர்வையை ஒற்றி எடுத்துவிட்டு மறுபடியும்.

புதிதாக எது வாங்கினாலும் முதலில் புறங்கையில் சீரத்தையும் சன்ஸ்கிரீனையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசிப் பாருங்கள். சேராத ஜோடி பெரும்பாலும் அங்கேயே உருண்டு காட்டிவிடும்.

ஓரங்கட்டிய மூன்றில் இரண்டை இப்போது தினமும் மாற்றி மாற்றிப் பூசுகிறேன், ஒரு திரிகூட வரவில்லை. மூன்றாவது காலாவதியாகிவிட்டது, பாவம்.